காரைக்குடியில் பால்வினை நோய்ப் பரிசோதனைக்குப் போகிறேன். எப்படித் தயாராவது?

முதலில், வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள். ஆனால் சிறுநீர் மாதிரி கேட்கலாம் என்பதால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சிறுநீர் கழிக்காமல் இருங்கள். மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவையே மாற்றிவிடும். பெண்கள் கடைசி மாதவிலக்குத் தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது.

மிக முக்கியமானது தேதிக் கணக்கு. கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டது எப்போது என்று யோசித்து வையுங்கள். நேற்று நடந்ததற்கு இன்று எடுக்கும் எச்.ஐ.வி. சோதனை எதையும் காட்டாது. விரைவுச் சோதனை என்றால் 3 மாதம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி. ஆனால் உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் காத்திருக்காதீர்கள், உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கேளுங்கள்.

அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில், எச்.ஐ.வி. சோதனை இலவசம். மற்ற பால்வினை நோய்களையும் பார்க்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நம் பக்கம் யாரைப் பார்த்தாலும் ஏதோ ஒரு முறையில் பங்காளியோ சம்பந்தியோ என்பதால் தயக்கம் வருவது எனக்குப் புரிகிறது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் சம்மதமின்றி எச்.ஐ.வி. சோதனை செய்யவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது. அப்படியும் மனம் ஒப்பவில்லையா, மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுங்கள், அதில் தவறே இல்லை. போகும்முன் பேசித் தெளிய 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண் இருக்கிறது.