கடலூர் சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், பழைய தாதுச் சுரங்கங்களுக்குப் போன தடத்தில் ஜீப் ஓட்ட முடியுமா?

தாராளமாக முடியும். நானும் கடலூர்தான், கேப்பர் மலையைத் தாண்டி மேடு பார்க்காமல் வளர்ந்தவன். ஒரு ஆகஸ்ட் மாதம் தம்பியோடு வாடகை ஜீப்பில் ஊரே (Ouray) என்ற ஊரிலிருந்து இமோஜீன் கணவாய் ஏறி, மறுபக்கம் டெலுரைடு என்ற ஊரில் இறங்கினேன். தூரம் சுமார் 27 கிலோமீட்டர்தான். உச்சி 13,114 அடி.

அது காருக்குப் போட்ட பாதை இல்லை. தங்கமும் வெள்ளியும் தோண்டிய காலத்தில் கோவேறு கழுதைகளும் குதிரை வண்டிகளும் போன தடம். பல இடங்களில் ஒரு வண்டிக்குத்தான் அகலம். எதிரே ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும், தேவைப்பட்டால் ரிவர்ஸில் போயாவது.

ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை. டாம்பாய் சுரங்கம் இருந்த பக்கம் இறங்கும்போது முழங்கால் உயரத்துக்குப் படி மாதிரி ஒரு பாறை. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு நடந்து போய்ப் பார்த்தோம். பாறையின் முதுகில் முன்னே போன வண்டிகளின் அடிவயிறு உரசிய வெள்ளிக் கோடுகள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பழைய ஜீப்பை வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா சொன்னது அப்போதுதான் உறைத்தது: "கல்லை நடுவுல விடாதடா, டயரை அது மேல ஏத்து." நடுவில் விட்டால் வண்டிக்கு அடியில் தொங்கும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) அடிபடும். தம்பி முன்னால் நின்று கைகாட்ட, 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை), முதல் கியர், பிரேக்கை அழுத்தாமல் எஞ்சின் பிடியிலேயே வண்டியை இறக்கினேன். உதிரிக்கல்லில் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் வேறு. வலது முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்பது பிடிபடவே கொஞ்ச நேரம் ஆகும்.

காலையிலேயே கிளம்புங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், உச்சியில் ஒதுங்க இடமில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள், உயரத்தில் தலை வலிக்கும். பக்கத்திலேயே இருக்கும் பிளாக் பேர் கணவாய் மட்டும் முதல் பயணத்தில் வேண்டவே வேண்டாம்.

டாம்பாயில் கொஞ்சம் நில்லுங்கள். சரிந்த மரச்சட்டங்கள், துருப்பிடித்த இரும்பு, காற்று, அவ்வளவுதான். நெய்வேலியும் ஒருநாள் இப்படி அடங்குமோ என்று நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் சுரங்க வாய்க்குள் மட்டும் நுழையாதீர்கள்.

பழகுவதற்கு நெய்வேலி மண்மேடுகளுக்குப் போகாதீர்கள். அனுமதி கிடையாது, சரிவும் நம்பத்தக்கதல்ல. ஐப்பசி மழை விட்டதும் தெரிந்தவர் தோப்பில் கேட்டுக்கொண்டு, செம்மண் ஓடைச் சரிவில் பிரேக் தொடாமல் இறங்கிப் பழகுங்கள். என் கால் பிரேக்கை மறக்க நாலு நாள் ஆனது.