உப்பு நிலத்தடி நீரைச் சுத்திகரித்துப் பாசனத்துக்கு விடலாமா?

உப்பான போர்வெல் தண்ணீரை ஆர்ஓ (தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) மூலம் நன்னீராக்கிப் பயிருக்குப் பாய்ச்சலாமா என்பது கேள்வி. பாய்ச்சலாம். ஆனால் நெல், கரும்பு மாதிரி தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் பயிருக்குக் கட்டுப்படியாகாது. பசுமைக்குடில் காய்கறி, நாற்றங்கால், சொட்டுநீர் போட்ட பழத்தோட்டம் என்றால் சரி.

முதலில் தண்ணீரின் ஈசி அளவை, அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனைப் பாருங்கள். 0.7 டெசிசீமன்ஸ்/மீட்டருக்குக் கீழே கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் திணறும். இலை நுனி கருகும், பாத்தி ஓரம் வெள்ளையாகப் பூக்கும். பார்லியும் பருத்தியும் ஓரளவு தாங்கும். பீன்ஸும் வெங்காயமும் தாங்காது.

மின்செலவு கடல்நீருக்கு ஆவதைவிடக் குறைவுதான். பெரிய தலைவலி, மிஞ்சும் அடர் உப்புநீர். உள்ளே விட்ட 100 லிட்டரில் 20, 25 லிட்டர், சில இடங்களில் அதற்கு மேலும், அப்படித்தான் வெளியேறும். அதை வயலோரப் பள்ளத்தில் விட்டால் உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும், பக்கத்து வயலையும் கெடுக்கும். கசியாத விரிப்பு போட்ட ஆவியாதல் குளத்துக்கு இடமில்லை என்றால் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள்.

அப்புறம், ஆர்ஓ சவ்வு பயிருக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் வெறும் ஆர்ஓ நீரைப் பாய்ச்சாமல், கொஞ்சம் கிணற்று நீரைக் கலந்து விடுங்கள். போரான் மட்டும் சவ்வைத் தாண்டி ஓரளவு வந்துவிடும். எலுமிச்சை வகைகளுக்கு அது ஆகாது, தனியாகப் பரிசோதியுங்கள்.