பிடித்த தொழிலை எங்கே தேடுவது? செக்குக்கார அக்காவிடம் கேளுங்கள்

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா, ஏழு வருஷமாக ஐ.டி. வேலை. சொந்தத் தொழில் ஆசை இருக்கிறது, ஆனால் எதிலும் பெரிய ஈடுபாடு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

உட்கார்ந்து யோசித்தால் வராது தம்பி. எனக்கும் எண்ணெய் மேல் ஆசை இருந்ததில்லை. கடை நல்லெண்ணெயில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்ததால், பக்கத்து ஊர் செக்கில் பத்துக் கிலோ எள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாகை உரலில் எள் நசுங்கி மாவாகும். கருப்பட்டி போட்டதும் பிண்ணாக்கு ஓரமாக இறுகி, எண்ணெய் நடுவில் ஊறி வரும். கிடைத்தது சுமார் நாலு லிட்டர். வேலை முடிந்த பிறகும் நான் கிளம்பவில்லை. அடுத்த வாரம் எள் இல்லாமலேயே போய் நின்றேன். அப்புறம் அந்தப் பெரியவரே கூப்பிட்டு, பிண்ணாக்கு அள்ள விட்டார்.

நீங்களும் அப்படி நாலைந்து இடங்களுக்குப் போய் வேலை செய்து பாருங்கள். சனி, ஞாயிறு போதும். யாரும் கூப்பிடாமல் எங்கே திரும்பப் போகிறீர்கள் என்று கவனியுங்கள். அதுவரை வேலையை விடாதீர்கள்.

டீக்கடை பிரான்சைஸ் எடுக்கலாமா?

எனக்கு அனுபவம் இல்லாத துறை. ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையையும் விடாதீர்கள்.

சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமா?

கொடுக்காதீர்கள். அரசு தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே செய்யலாம்.

வீட்டில் கேக் செய்கிறேன், எல்லோரும் புகழ்கிறார்கள். தொழிலாக்கினால் சலித்துவிடுமோ என்று பயம்.

புகழ்பவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து இரண்டாம் முறை வாங்கினார்கள், அதை எண்ணுங்கள். உங்கள் கூலியையும் சேர்த்து விலை போடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற அரசு உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டுச் சமையலறைக்கும் வேண்டும். ஒரே கேக்கை ஒரு நாளில் பத்து முறை செய்து, பாத்திரத்தையும் கழுவிப் பாருங்கள். சலிப்பு வருமா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. ஈடுபாடு என்பதெல்லாம் பேச்சுதான் அம்மா. லாபம் வந்தால் ஈடுபாடு தானாக வரும்.

ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். லாபம் வராத ஈடுபாட்டை வீடு தாங்காது. ஆனால் கோவை முருகானந்தத்தைப் பாருங்கள். பட்டறையில் வேலை பார்த்தவர். 1998-இல் மனைவி மாதவிடாய்க்குப் பழந்துணி பயன்படுத்துவதைப் பார்த்துதான் குறைந்த விலையில் நாப்கின் செய்ய இறங்கினார். கடை நாப்கினுக்குள் இருப்பது மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த வருஷங்களில் அவருக்கு என்ன லாபம் வந்தது?

அவர் விதிவிலக்கு. கடன் கேட்டு வந்தவர்களை முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். ஆசையோடு வந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள்.

ஆசையால் விழவில்லை ஐயா, கணக்கு இல்லாமல் விழுந்தார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் எனக்கு லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய் கூடுகிறது. வாடிக்கையாளரிடம் அதை உடனே கேட்க முடியாது. மழைக்காலத்தில் கொப்பரை சரியாகக் காயாது, பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் லாபம் என்று எதுவும் இல்லை. அப்போதும் காலையில் கொப்பரையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, கெட்டதைப் பொறுக்கி எறிய மனசு வேண்டும். கலப்படம் செய்யாமல் இருக்கவும் அதே மனசுதான் வேண்டும். அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி.

எனக்கும் எதில் ஆர்வம் என்று தெரியவில்லை அக்கா…

முதல் பதிலைப் படியுங்கள்.

பிசினஸ் ஐடியா ஒன்று சொல்லுங்கள், செய்கிறேன்.

நான் சொன்னால் அது என் ஐடியா. இதே கேள்வி இன்று நாலாம் முறை வருகிறது. முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து வேலையை விடாதீர்கள்.

அரசுக் கடன்?

மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். இடைத்தரகர் வேண்டாம்.

அக்கா, நான் கல்லூரி மாணவி. எள் வாங்கும்போது எதைப் பார்ப்பீர்கள்?

வாம்மா! மாசிப்பட்டத்தில் விதைத்த எள் வைகாசி வாக்கில் வரும். ஈரோடு மாவட்டம் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் நடக்கும்போது ஒரு நாள் போய் நில். மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடு. ஈரம் இருந்தால் உள்ளங்கையில் ஒட்டும். ஊதிப் பார், தூசும் பதரும் பறக்கும். நாலு எள்ளை வாயில் போட்டு மெல்லு, கசக்கிறதா என்று பார். போய்விட்டு வந்து எழுது, மீதியைச் சொல்கிறேன்.