மனசு ஒப்பல அக்கா

கேள்வி: எங்க பையனுக்கு 4 வயசு. போன ஞாயிறு கோயிலுக்குக் கிளம்புற நேரத்துல வெள்ளைச் சட்டை மேல பால் டம்ளரைக் கவுத்துட்டான், பளார்னு ஒண்ணு வச்சிட்டேன். ஆராதனை முழுக்க அவன் என் மடிக்கே வரல. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்னு வேதத்துலயே இருக்கே"ங்குறாங்க அத்தை. எனக்கு மனசு ஒப்பல.
- ஒரு தாய், நாசரேத்

பதில்: தங்கச்சி, அத்தை சொல்றது நீதிமொழிகள் 13:24. அங்க பிரம்புன்னு வர்றதும், 23-ம் சங்கீதத்துல "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்"னு வர்ற கோலும் எபிரேயத்துல ஒரே வார்த்தைதாம்மா, ஷேவெத். மேய்ப்பன் கையில இருக்குறது, ஆட்டை வழிநடத்தவும் ஓநாயை விரட்டவும், அதால ஆட்டுக்குட்டி மிரண்டு ஓடுனா என்ன அர்த்தம்? கண்டிப்பே வேணாம்னு நான் சொல்லல, ஆனா அன்னைக்கு நீங்க வச்ச அறை கண்டிப்பு இல்ல, மணி அடிச்சிருச்சேங்குற பதட்டம். பிள்ளைங்களைக் கோபப்படுத்தாதீங்கன்னு எபேசியர் 6:4 அப்பாமாரைப் பாத்துச் சொல்லுது, அது அம்மாவுக்கும் பொருந்தும்.

இன்னைக்கு ராத்திரி ஜெபத்துக்கு முன்னால அவன் உயரத்துக்கு உக்காந்து, "அம்மா அடிச்சது தப்புடா, மன்னிச்சிரு"ன்னு சொல்லுங்க, அதோட நிறுத்திக்கோங்க, "ஆனா நீயும்தானே"ன்னு வால் சேக்காதீங்க. அடுத்த ஞாயிறு பால் குடிச்சப்புறம் சட்டை மாட்டுங்க. கொட்டுனா துணியை அவன் கையில குடுத்து ரெண்டு பேருமா துடைங்க, லேட்டானா ரெண்டாவது பாட்டுக்குப் போய் உக்காந்துக்கலாம்.