சின்சேயும் டாக்டரும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் சிங்கப்பூரில் தங்கியிருந்துவிட்டுச் சென்ற வாரம்தான் திருச்சிக்குத் திரும்பினேன். பிரசவம் பார்த்த அம்மையார், மயக்க மருந்து கொடுத்தவர், குழந்தையைப் பார்த்த டாக்டர் என மூவரும் சீனர்கள். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியோ, அந்த டாக்டர்களையெல்லாம் ஒரு பொருட்டாகவே எண்ணாமல், சின்சேயிடம் வாங்கிய வேர்களையும் பட்டைகளையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, "பிள்ளை பெற்றவளுக்கு வேகவைத்துக் கொடு" என்று கொண்டுவந்து தந்தார். "கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் டாக்டர்களாகிவிட்டார்கள், அதே காலத்தில் கப்பலேறி வந்த நம்மவர்கள் பின்தங்கிவிட்டார்கள், சீனர்களுக்கு உழைப்பும் படிப்பும் இரத்தத்திலேயே இருக்கிறது" என்கிறார் மாப்பிள்ளை. இது உண்மையா? அந்தச் சின்சே என்பவர் வைத்தியரா, மருந்துக் கடைக்காரரா? பொட்டலம் இன்னும் பிரிக்கப்படாமல் மகள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கிறது.

அன்புடன்,
க., திருச்சி

அன்புள்ள அம்மையாருக்கு,

பேரக்குழந்தைக்கு என் ஆசிகள். மாப்பிள்ளை சொன்னதில் கப்பலைப் பற்றிய பகுதி ஏறக்குறையச் சரி. இரத்தத்தைப் பற்றிய பகுதி சரியல்ல. கப்பலிலிருந்து இறங்கிய சீனர்களும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த சீனர்களும் ஒரே கூட்டத்தார் அல்லர் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபூஜியான், குவாங்டொங் மாநிலங்களிலிருந்து வந்திறங்கிய புதியவர்களைச் 'சிங்கே' என்று அழைத்தார்கள். அவர்களில் பலர் கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று வந்து, அந்தக் கடன் தீரும்வரை ஈயச் சுரங்கத்திலும் மிளகுத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். மலேரியாவும் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயும் அபினும் அவர்களைத் தின்றன. மலாக்காவில் பிறந்து, காய்கறியும் கோழியும் விற்று வணிகரான டான் டோக் செங் கொடுத்த பணத்தைக் கொண்டு, 1844-இல் ஏழைச் சீனர்களுக்கான மருத்துவமனைக்குச் சிங்கப்பூரின் பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்றும் அவர் பெயரில் அந்த மருத்துவமனை நடக்கிறது. ஆயினும் வெள்ளைக்கார வைத்தியத்தின்மேல் சிங்கேக்களுக்கு நம்பிக்கை வரப் பல காலம் ஆயிற்று. அதுவரை அவர்களுடைய மருத்துவர் சின்சேதான்.

எனவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். சின்சே என்பவர் வைத்தியர். பல சமயம் மருந்துக் கடையும் அவருடையதாகவே இருக்கும், அல்லது அவர் அந்தக் கடையில் அமர்ந்து நாடி பார்ப்பவராக இருப்பார். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையின் பின்கட்டில் ஒரு சித்த வைத்தியர் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தகப்பனிடமோ குருவிடமோ ஆண்டுக்கணக்கில் மருந்து நறுக்கி, இடித்து, நிறுத்துக் கட்டிக் கற்றுக்கொள்ளும் தொழில் அது. 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம், இன்ன இனத்தார் என்று பாராமல், வந்தவர் எல்லோருக்கும் காசு வாங்காமல் நாடி பார்த்து மருந்தும் கொடுத்தது. குடியேறிகளிடையே மருத்துவத் தொழிலைச் செய்த முதல் சீனர்கள் இவர்கள்தாம். காலனி அரசின் மருத்துவப் பதிவேட்டில் இடமில்லாததால், இவர்களை விட்டுவிட்டே நாம் 'சீன டாக்டர்களின் வரலாறு' என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். எதிர்வீட்டுப் பாட்டி அப்படிப் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன்.

பதிவேட்டுக்குள் போகும் வழி ஆங்கிலப் பள்ளியின் வழியாகவே சென்றது. அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வசதியும் எண்ணமும் பெரும்பாலும் சிங்கேக்களிடம் இல்லை. இரண்டு மூன்று தலைமுறைகளாக மலாக்கா நீரிணைப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் மலாய் பேசிக்கொண்டிருந்த பெரானாக்கான் சீனர்களிடம் இருந்தன. 1885-இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு, அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றை ஆண்ட பிரிட்டிஷ் காலனி அரசு, இராணியார் உதவித்தொகை என்ற ஒன்றை ஏற்படுத்தி, தேர்வில் முதலிடம் பெறும் மாணவரைப் பிரிட்டனுக்கு அனுப்பியது. 1887-இல் அதைப் பெற்ற முதல் சீனர் லிம் பூன் கெங். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பள்ளியின் மாணவர், நீரிணைப் பகுதியில் குடியேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. எடின்பரோவில் படித்து 1892-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே ஒரு நாள் சீன எழுத்து கொண்ட சுருள் ஒன்றைக் காட்டிப் பொருள் கேட்டபோது, முகத்தால் சீனரான அவரால் அதை வாசிக்க முடியவில்லை என்றும், அந்த வெட்கத்தாலேயே பின்னர் சீன மொழியைக் கற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். மருத்துவராவதற்கு அவர் கொடுத்த விலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. அவரே பின்னாளில் சீனாவின் அமோய் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பதினாறு ஆண்டுகள் பணியாற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடியேறியவரின் நேர் மகனே டாக்டரான கதையும் உண்டு. பினாங்கில் நகை செய்து பிழைத்த ஒரு குவாங்டொங்காரரின் மகன் வூ லியன் தே. 1879-இல் பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, 1896-இல் இராணியார் உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற முதல் சீன மாணவரானார். பரிசுகளும் பதக்கங்களும் வென்று 1903-இல் ஊர் திரும்பியவருக்குக் காலனி மருத்துவச் சேவையின் உயர்பதவிகள் ஐரோப்பியருக்கு மட்டுமே என்ற பதில்தான் காத்திருந்தது. கோலாலம்பூரின் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு பெரிபெரியைப் பற்றி ஆராய்ந்துவிட்டு, பினாங்கின் சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆம், நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைச் சுமந்து நிற்கும் அதே தெருதான். அங்கே அவர் அபினுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். அரசின் வருவாயில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. 1907-இல் அவருடைய மருந்தறையைச் சோதனையிட்டு, ஓர் அவுன்ஸ் அபின் கரைசலை உரிமமின்றி வைத்திருந்ததாக வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தார்கள்! அதன்பின் சீனாவிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுக்கொண்டு, தியென்ஜினில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

மலாயா கைவிட்ட அந்த இளைஞர்தான் 1910 டிசம்பரில், முப்பத்தொரு வயதில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்துக்குப் பிளேக்கை எதிர்கொள்ள அனுப்பப்பட்டார். எலித் தெள்ளினால் பரவும் பிளேக் அல்ல இது, மூச்சுக்காற்றால் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது என்று ஒரு பிணப் பரிசோதனையிலிருந்து அவர் முடிவு செய்து, மெல்லிய துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். அவரைவிட மூத்தவரான மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தக் கருத்தை ஏற்காமல், கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கச் சென்று, சில நாட்களில் அதே நோயால் இறந்தார். நிலம் உறைந்துகிடந்ததால் புதைக்க வழியின்றிக் குவிந்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை, மரபுக்கு மாறாக எரிப்பதற்குப் பேரரசின் அனுமதியைக் கேட்டுப் பெற்றார். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோய், 1911 வசந்தத்துக்குள் அடங்கியது. கொரோனாக் காலத்தில் நாம் மூக்கின்மேல் கட்டிக்கொண்டதன் பின்னால் இந்தப் பினாங்குக்காரரின் கதையும் இருக்கிறது.

ஆனால் உதவித்தொகை என்பது ஆண்டுக்கு ஓரிருவர் நுழையும் ஊசிக்காது. உங்கள் மகளின் மருத்துவமனையை நிரப்பும் அளவுக்குக் கதவு அகன்றதற்குக் காரணம் வேறு. அதில் நமக்கும் சிறிது தொடர்பு உண்டு. 1889-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை மருத்துவ அலுவலரான மாக்ஸ் சைமன், சிங்கப்பூரிலேயே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க முயன்றார். நுழைவுத் தேர்வு எழுதிய ஒன்பது பேரில் இருவர்தான் தேறினார்கள். மற்றவர்களின் ஆங்கிலம் போதவில்லை. திட்டத்தைக் கைவிட்டு, தேறும் மாணவர்களைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைக்க முடிவு செய்தார்கள். மாப்பிள்ளையிடம் இந்த ஒன்பதுக்கு இரண்டைச் சொல்லுங்கள்.

1904-இல் டான் ஜியாக் கிம் என்ற பெரானாக்கான் வணிகர் பிற சமூகப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு, மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநருக்கு மனுக் கொடுத்தார். 71,000 டாலரைத் திரட்டிக் காட்டினால் பார்க்கலாம் என்றது அரசு. அவர்கள் 87,077 டாலர் திரட்டினார்கள். அதில் 12,000 டாலர் அவர் கையிலிருந்தே வந்தது. 1905 ஜூலையில், பைத்தியக்கார மருத்துவமனையாக இருந்து காலியான ஒரு பழைய கட்டடத்தில், சிப்பாய் லைன்ஸ் என்ற இடத்தில், 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. அந்தப் பெயரும் அங்கே முகாமிட்டிருந்த இந்தியச் சிப்பாய்களால் வந்ததுதான். 1910-இல் ஏழு பேர் தேறி வெளியே வந்தார்கள். 1916-இல் அந்தச் சான்றிதழைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது. பிரசவம் பார்த்த அம்மையாருக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க லீ சூ நியோ, சிங்கப்பூரின் முதல் சீனப் பெண் மருத்துவராக 1919-இல் இங்கிருந்துதான் தேறினார். அவர் லீ குவான் யூவின் அத்தை.

இப்போது 'நம்மவர்கள்' என்ற சொல்லுக்கு வருகிறேன். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே ஒரு தமிழ்ப் பள்ளி இருந்தது. சில வகுப்புகளோடு அது முடிந்துவிடும், அதற்கப்பால் ஆங்கிலப் பள்ளிக்கு வழி கிடையாது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துவிட்டு மலாயாவுக்கு வந்த தமிழர்கள் எழுத்தர்களாகவும், மருத்துவமனை உதவியாளர்களாகவும், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர்களாகவும் அமர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் டாக்டர்கள் பலர். இரு சாராரும் தமிழர்களே. இரத்தம் ஒன்றாக இருக்க, பள்ளிக்கூடம் வேறாக இருந்தது. சீனர்களிடையேயும் இதே பிளவு உண்டு. சீன மொழிப் பள்ளிகளில் படித்தவர்களுக்காகச் சீனச் சமூகமே காசு திரட்டி, 1956-இல் வகுப்புகளைத் தொடங்கிய நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு டாக்சி ஓட்டுநர்களும் ரிக்ஷாக்காரர்களும்கூட ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே மருத்துவத் துறை இருக்கவில்லை. சீனம் மட்டும் படித்த மாணவனுக்கு, அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், மருத்துவக் கல்லூரி எட்டாத இடமாகவே இருந்தது. சீனர்கள் உழைப்பாளிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. சுரங்கத்தில் மாண்ட சிங்கேயைவிட அதிகமாக உழைத்தவர் யார்?

டான் ஜியாக் கிம்மும் மற்றவர்களும் திரட்டிய அந்த 87,077 டாலரை நான் பெரிதாகவே மதிக்கிறேன். உள்ளே நுழைந்துவிட்ட ஒரு சிறு கூட்டம், தன் பிள்ளைகளை மட்டும் கப்பலேற்றி அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், ஊரிலேயே ஒரு கதவை வைத்தது. மாப்பிள்ளை வியப்பதற்கு ஏதாவது வேண்டுமென்றால் அதை வியக்கலாம்.

கடைசியாக அந்தப் பொட்டலம். சின்சேக்கள் இப்போது பதிவேட்டுக்கு வெளியே இல்லை. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனிச்சட்டம் இயற்றி, சீன மரபு மருத்துவர்கள் தேர்வெழுதிப் பதிவு செய்துகொள்ள வழிவகுத்தது. ஆகவே பாட்டியிடம், யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு எதைக் கொடுப்பதானாலும், பொட்டலத்தையும் அதிலுள்ளவற்றின் பெயர்ச்சீட்டையும் பிரசவம் பார்த்த டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அம்மையாரின் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

அன்புடன்.