கசக்கும் சுரைக்காயை அவித்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: மொட்டைமாடியில் சாக்கில் வளர்த்த சுரைக்காய் கசக்கிறது. உப்புப் போட்டு அவித்தால் சாப்பிடலாமா? பாகற்காயும் கசக்கத்தானே செய்கிறது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம், முழுக்காயையும் வீசிவிடுங்கள். சுரை, பீர்க்கு, பூசணி, புடோல், வெள்ளரி எதுவானாலும் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அதில் குகர்பிட்டசின் என்ற நச்சு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது உப்புக்கும் அடங்காது, எவ்வளவு அவித்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுவலி, இரத்தத்தோடு வயிற்றோட்டம், இரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆளைப் படுத்தி எடுத்துவிடும். 2015இல் ஜெர்மனியில் வீட்டுத்தோட்டத்துச் சுக்கினி என்ற பூசணி இனக் காயைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஒரே மூச்சில் நிறைய உள்ளே போய்விடும்.

பாகற்காயின் கசப்பு வேறு சங்கதி, அது அதன் இயல்பு. பயப்படாமல் சாப்பிடுங்கள்.

அப்புறம், சமைக்கும் முன் காம்புப் பக்கம் நகத்தளவு சீவி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசக்கும் காயைச் சாப்பிட்டு வாந்தி தொடங்கினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அழகுக்கு வைக்கும் குட்டிக் கலர்ப் பூசணிகள் கறிக்கானவை அல்ல. அவற்றின் பக்கத்தில் வளர்ந்த கறிப்பூசணியை உண்ணலாம், ஆனால் அதன் விதையை எடுத்து நடாதீர்கள், மகரந்தம் கலந்திருந்தால் அடுத்த கொடியில் கசப்புக் காய் வரலாம். கசந்த சுரையின் விதைக்கும் இதே கதைதான், கடையில் புது விதைப் பக்கெட் வாங்குங்கள்.