ஓட்ட போடாத பால் டின்

வணக்கம் அண்ணா,

உங்க கதைய படிச்சேன். மலாயாவுல கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள அடக்க வெள்ளக்காரன் போட்ட அவசரகாலத்துல எஸ்டேட் தோட்டத்துப் பொண்ணு ஒருத்திய வெள்ளக்கார சோல்ஜர் கேட்டுல சோதனை போடுறான், அங்கயே ரெண்டு பேருக்கும் காதல்னு எழுதியிருக்கீங்க. நான் மலேசியா பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட் தான். எங்க பாட்டிக்கு படிச்சு காட்டுனேன், சிரிச்சிட்டாங்க. பொம்பளைங்கள பொம்பளைங்க தான் சோதிப்பாங்களாம், ஆம்பள கை வெச்சிருந்தா லயத்து வரிசை வீடெல்லாம் திரண்டு வந்திருக்குமாம். அதோட இது நம்ம சனத்துக்கு அவமானம் இல்லையா? சினிமாவுக்கு எழுதுன மாதிரி இருக்கு.

ஒரு வாசகி

வணக்கம் மா,

பாட்டி சொன்னது சரி, சோதனை சீன் என் தப்பு தான். புத்தகமா வர்றப்ப மாத்திடுறேன். பாட்டிக்கு ஒரு கும்புடு.

ஆனா அவமானம்னு சொன்னீங்க பாருங்க, அத ஒத்துக்க மாட்டேன். எங்க பெரியம்மா ஒருத்தங்கள லயத்துல 'டின்பால்'னு தான் கூப்புடுவாங்க, சின்ன வயசுல அது ஏன்னு எனக்கு தெரியாது. உங்க ஊரு பக்கம் 1948 ஜூன் 16-ல மூனு வெள்ளக்கார தோட்டத்து துரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டப்புறம் தோட்டத்து வாழ்க்கையே மாறிப்போச்சு, அப்புறம் வருசம் போகப் போக லயத்த சுத்தி முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு, காட்டுல இருக்கற கம்யூனிஸ்ட்டுங்களுக்கு சாப்பாடு போகக்கூடாதுன்னு கடையில டின் வாங்குனா கடக்காரரே ஓட்ட போட்டு தான் குடுக்கணும், சேத்து வெக்க முடியாதுல்ல. கேட்டுல வழக்கமா போலீசும், தோட்டத்த காவல் காக்க சேத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிளும் தான், பெரிய ஆப்பரேஷன்னா சோல்ஜருங்களும் வந்து நிப்பாங்க. அப்படி நின்ன ஒருத்தன் தான் பெரியம்மாவுக்கு அவன் ரேஷன்லருந்து ஒரு பால் டின்ன குடுத்திருக்கான், ஓட்ட இல்லாத முழு டின்னு!

அவன் ஆசையா தான் குடுத்திருப்பான். ஆனா அந்த டின்னோட பெரியம்மா மாட்டியிருந்தா என்ன ஆகும்னு அவனுக்கு தெரியுமா? காட்டுக்கு சாப்பாடு கடத்துறாங்கன்னு ஜெயில், இல்லன்னா கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களோன்னு பயம். பெரியம்மா பொறந்ததே இங்க தான், இந்தியாவ பாத்தது கூட கெடையாது.

அவனயும் திட்ட மனசு வரல. கட்டாய ராணுவ சேவைக்கு புடிச்சிட்டு வந்த பசங்க மா அவங்க, 1950-க்கு அப்புறம் ரெண்டு வருசம், அவங்க ஊர்ல ஓட்டு போடவே 21 வயசு ஆகணும், இங்க 19 வயசுல துப்பாக்கி. கல்யாணம் கட்டணும்னா மேலதிகாரிகிட்ட பர்மிஷன் கேக்கணும். கேட்டிருப்பானா என்னவோ. ரெண்டு வருசம் முடிஞ்சா அவன் கப்பல் ஏறிருவான், பேரு வாங்குனது பெரியம்மா. பட்டப்பேரு வெச்சது கூட நம்ம சனம் தான், வெள்ளக்காரன் இல்ல.

பெரியம்மா அந்த டின்ன பாலு குடிச்சதும் மூடிய சுத்தமா வெட்டி எடுத்துட்டு கடைசி வரைக்கும் அரிசி அளக்க வெச்சிருந்தாங்க. பேரனுங்க பொறந்த பிறகு ஒரு நா நான் கேட்டேன், அவன் பேரு என்ன பெரியம்மான்னு. "எல்லாவனும் ஜோனி தான்டா அப்ப" அப்படின்னு சொல்லிட்டு, ஒரு டின்னு அரிசிய தலதட்டி உலையில போட்டாங்க.